டூலன் துரை விட்டுச்சென்ற சொல்

இதைக் கேட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றை முறையாகச் சொல்லிவிட்டால், பின்னால் வருவதில் திகைப்பதற்கு எதுவும் இராது.

கெண்டபள்ளி, தங்கச் சுரங்கம் ஒன்றை நம்பி எழுந்த ஊர். மூன்று மொழிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மேட்டு நிலத்தில், பஞ்ச காலத்தில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தோம். எங்கள் வீடுகள் வரிசை வரிசையான லயன் வீடுகள். நீளமான ஒரே கூரையின் கீழ் தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டவை. ஒரு வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டில் ஒருவர் எழுந்து தண்ணீர் மொள்ளும் அளவுக்கு மெல்லிய சுவர்கள். வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம். வேலையில் இறந்தவரின் மனைவி வீட்டில் இருக்கலாம். வேலையை விட்டு ஓடியவரின் மனைவி காலி செய்ய வேண்டும். இது முதலாவது.

இரண்டாவது, பித்தளைப் பில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பில்லை ஒன்று உண்டு. இறங்கும் முன் டைம் ஆபீஸ் சன்னலில் அதை வாங்கிக்கொண்டு, ஏறி வந்ததும் அதே சன்னலில் போட வேண்டும். பலகையில் பில்லை தொங்கினால் ஆள் மேலே. ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே. கம்பெனிக்கு எங்களைப் பற்றித் தெரிந்திருந்தது அவ்வளவே. பெரும்பாலான நாள்களில் அது போதுமானதாகவும் இருந்தது.

மூன்றாவது, டூலன் துரை. அவர் அயர்லாந்து தேசத்தவர், சுரங்கத்தில் வேலையை மேற்பார்க்கும் கேப்டன், சிவந்த கழுத்தும் கனத்த குரலும் உடையவர். சாரத்துக்குப் பின்னால் ஒருவன் தூங்குவதைக் கண்டாலும், தன் சாப்பாட்டுத் தூக்கில் யாரோ கூழாங்கற்களை நிரப்பி வைத்திருப்பதைக் கண்டாலும், ஆள்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டுக்குள் நின்றபடி தன் நடையை ஒருவன் நடித்துக் காட்டுவதைக் கண்டாலும் அவர் சொல்லும் சொல் ஒன்றே: ஷெனானிகன்ஸ். அதைச் சொல்லும்போது அவர் கோபமாக இருக்கிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்பதை எங்கள் ஆண்கள் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறிய காலத்தில் அவரும் ஒரு திங்கட்கிழமை, தகரப் பெட்டியும் கிழட்டு நாயுமாக ரயிலேறினார். பெட்டி போயிற்று, நாய் போயிற்று, அவரும் போனார். சொல் மட்டும் போகவில்லை.

அவர் போனபின் அதை முதலில் கேட்டவர்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள். எங்கள் லயனில் ஆள் நிற்காவிட்டாலும் குடம் நிற்கும். குடம் நிற்கும் இடமே அந்த வீட்டின் இடம். ஒரு நாள் காலை, எல்லாரும் வேறு பக்கம் பார்த்திருந்த நொடியில், மாணிக்கவேலுவின் மனைவி லோகநாயகி தன் குடத்தைக் காலால் மெல்ல நகர்த்தி ரெஜினாமேரியின் குடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, வானத்தில் மழை இருக்கிறதா என்று ஆராய்பவளைப்போல முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது குழாய்க்குச் சற்று மேலே, யாருமில்லாத வெறும் காற்றில், டூலன் துரையின் குரலில், தெளிவாக, அவசரமின்றி அந்தச் சொல் ஒலித்தது.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினாமேரி மட்டும் குழாயையே பார்த்தபடி சொன்னாள்: "துரை பாத்துட்டாரு லோகா. கொடத்தைப் பின்னால வை."

"ரயிலேறிப் போனவரு, இங்க இன்னா வேலை அவருக்கு?" என்று முனகிக்கொண்டே லோகநாயகி குடத்தைப் பின்னுக்கு இழுத்தாள். அதன்பின் தண்ணீர் வந்தது. எல்லாரும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் அந்தச் சொல் எங்களோடு வாழ்ந்தது. முடிவெட்டுகிறவர் ஒரு வாடிக்கையாளரின் மீசையில் பாதியை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துணியால் மூடியபோது ஒலித்தது. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் செருப்பு சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் ஒளிக்கப்பட்டபோது ஒலித்தது. பள்ளிக்கூடத்தில் அது ஓயாமல் ஒலித்ததால் ஆசிரியர்கள் அதை மணியோசையைப்போலக் கேட்டும் கேளாமலும் பாடம் நடத்தப் பழகினார்கள். சுரங்கத்தின் ஆழத்திலும் அது ஒலித்தது. விளக்கொளி எட்டாத திருப்பங்களில் அந்தப் பழகிய குரல் கேட்டால், நம்மைத் தவிர இன்னொருவரும் இங்கே இருக்கிறார் என்ற நினைப்பில் ஆண்களுக்குத் தெம்பு வந்தது.

அது எதற்கு ஒலிக்கும், எதற்கு ஒலிக்காது என்பதை அறிய எங்களுக்குச் சில காலம் பிடித்தது. கோழி திருடியவனுக்கு அது ஒலிக்கவில்லை. மனைவியை அடித்தவனுக்கு ஒலிக்கவில்லை. தேர்தலுக்கு முன் ஊருக்கு வந்து குடிநீர்த் தொட்டி கட்டித் தருவதாகச் சொன்னவருக்கும் ஒலிக்கவில்லை. நாங்கள் காத்திருந்து பார்த்தோம். வெறும் பொய்க்கு அது வாய் திறக்கவே இல்லை. பால்காரர் ஒரு நாள், தன்னோடு ஓயாமல் பேரம் பேசும் ஒருத்தியின் சொம்பில் மட்டும் தண்ணீர் கலந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஊற்றியபோது ஒலித்தது. அதுவே அவருக்குத் தொழிலாகி, எல்லார் சொம்பிலும் கலக்கத் தொடங்கியபின் ஒலிக்கவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துக் குழாயடிப் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: செய்கிறவர் முகத்தை அடக்கிக்கொண்டு உள்ளுக்குள் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பு இருந்தால் சொல் வரும், இல்லையென்றால் வராது. அகராதியைப் புரட்டியவர்கள் தந்திரம் என்றும் குறும்பு என்றும் பொருள் சொன்னார்கள். எங்களுக்குக் குழாயடிப் பொருளே போதுமானதாக இருந்தது.

பொருள் தெளிந்ததும் பிறப்பைப் பற்றிய விசாரணை தொடங்கிற்று. வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஒருவரின் பூர்வீகத்தை விசாரிப்பது எங்கள் வழக்கம். டூலன் துரையின் தேசத்திலேயே பிறந்தவரான பங்குத்தந்தை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று விளக்கினார். அவருடைய தாய்மொழியில் நரிக்கு ஷினாக் என்று பெயர். நரிவேலை செய்கிறேன் என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்றும் அதிலிருந்து உண்டு. அதன் வழியே இது பிறந்திருக்கலாம். "இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்" என்று அவர் விரலை உயர்த்தினார்.

டைம் ஆபீஸில் பில்லை கொடுக்கும் ஆர்ச்சி ரோசாரியோ இதை ஏற்கவில்லை. அவர் ஆங்கிலோ இந்தியர்; பழைய சஞ்சிகைகளை அட்டை கிழியும்வரை படிப்பவர். "ஸ்பானிஷ்காரன் தந்திரத்துக்குச் சனாடா என்கிறான், அதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி இருக்கிறது. ஊர் ஊராக அலைந்து வேலை செய்யும் ஜெர்மன்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. ஒன்றே ஒன்று நிச்சயம், ஃபாதர். அது முதன்முதலாக அச்சில் வந்தது கலிபோர்னியாவில். நூறு வருஷத்துக்கு முன்னால், தங்கம் தோண்டப் போனவர்கள் நடுவில்."

லோகநாயகி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்: "தங்கம் தோண்ற ஊரா? எல்லா ஊர்க்காரனும் வந்து ஒண்ணா கெடந்த எடமா?"

"ஆமாம்."

"அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"அப்படின்னா நம்ம கும்பல்தான். லயன்ல ஒரு வீடு ஒதுக்கிக் குடுத்துடுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள், பங்குத்தந்தையும் சிரித்தார், அதன்பின் அந்தச் சொல்லை யாரும் விருந்தாளியாகக் கருதவில்லை.

இனி இரண்டு நண்பர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெஜினாமேரியின் கணவன் சூசைராஜும், லோகநாயகியின் கணவன் மாணிக்கவேலுவும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் வாழ்ந்தவர்கள். ஒருவன் வீட்டு அடுப்பு அணைந்தால் மற்றவன் வீட்டிலிருந்து கொள்ளி போகும். ரோசாரியோ சன்னலில் குனிந்தபடியே இருப்பார். எண்களைப் பார்ப்பாரேயன்றி முகங்களைப் பார்க்க மாட்டார். ஆகவே அவர்கள் இருவருக்கும் தோன்றியபோதெல்லாம் ஒருவன் எண்ணை மற்றவன் சொல்லிப் பில்லையை மாற்றி வாங்குவார்கள். "மாணிக்கவேலு, காய்ச்சல் தேவலையா?" என்று ரோசாரியோ சூசைராஜைக் கேட்பார். "தேவலை சார், பெண்டாட்டி கஷாயம்தான் தாங்க முடியல" என்பான் சூசைராஜ். சன்னலுக்கு மேலே சொல் ஒலிக்கும். வரிசை சிரிக்கும். "யாரது, யாரது" என்பார் ரோசாரியோ, தலையை நிமிர்த்தாமலே.

ஒரு புதன்கிழமையும் அவ்வாறே நடந்தது. சொல் ஒலித்தது, வரிசை சிரித்தது, கூண்டு இறங்கிற்று. நண்பகலுக்குச் சற்று முன் தரை ஒரு முறை தூக்கிப்போட்டது. லயன் வீடுகளின் அலமாரிகளிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. கீழே பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும் என்பது எங்கள் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடினார்கள்.

சூசைராஜ் நின்றிருந்த சுரங்கவழி, மீண்டும் தோண்டித் திறக்க இயலாதபடி முழுவதும் மூடிக்கொண்டது. சற்றுத் தள்ளி நின்றிருந்த மாணிக்கவேலு தூக்கி எறியப்பட்டு, காதிலும் மூக்கிலும் இரத்தம் வழிய மேலே கொண்டுவரப்பட்டான். இந்த இடத்தில்தான், எங்கள் ஊர் மனிதர் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது. தன் பெயர் இன்னதென்றுகூட அப்போது அவனுக்குச் சொல்லத் தெரியாது; ஆனாலும் சன்னலைக் கடக்கும்போது அவன் கை, எத்தனையோ ஆண்டுப் பழக்கத்தால், தானாக நீண்டு, பிடித்திருந்த பில்லையை உள்ளே போட்டது. அது சூசைராஜின் பில்லை. ரோசாரியோ அதைச் சூசைராஜின் ஆணியில் மாட்டினார்.

கம்பெனி கணக்கெடுத்தது. சூசைராஜின் பில்லை பலகையில் இருக்கிறது; ஆகவே சூசைராஜ் மேலே வந்துவிட்டான். மாணிக்கவேலுவின் பில்லை இல்லை. ஆனால் மாணிக்கவேலு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு கிடக்கிறான். ஆகவே அது விபத்தில் தொலைந்த பில்லை. அந்த வழியில் ஒருவரும் இறக்கவில்லை. மேலே வந்த சூசைராஜை ஊரில் காணவில்லையென்றால், அவன் வேலையையும் மனைவியையும் விட்டு ஓடிவிட்டான் என்பதே பொருள். நினைவு தெளிந்த மாணிக்கவேலு, பில்லையை மாற்றிக்கொண்டோம் என்று அழுதுகொண்டே சொன்னான். ஊரறிந்த குறும்புக்காரன், ஓடிப்போன நண்பனின் வீட்டைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்றார்கள் கம்பெனியார். உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொன்னார்கள். உடன் வேலை செய்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள்.

ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் ரெஜினாமேரியின் வாசலில் நின்று, அழலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உயிரோடிருப்பதாகக் கம்பெனி சொல்லும் ஒருவனுக்கு அடக்கப் பூசை வைக்கப் பங்குத்தந்தையால் இயலவில்லை. மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எல்லாவற்றிலும் கொடியது வேறு: ஊரில் சிலர் சூசைராஜைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் அவன் வடை தின்றுகொண்டிருந்ததாக ஒருவர் வந்து ரெஜினாமேரியிடமே சொன்னார்.

"அவரு வடை சாப்பிட மாட்டாரு" என்றாள் அவள். லோகநாயகியிடம் மட்டும், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு நாள் சொன்னாள்: "வீடு போனா போவட்டும் லோகா. எங்கயாவது கெடப்பேன். ஆனா ஓடிப்போயிட்டாருன்னு சொல்றாங்களே, அத வெச்சுக்கினு நான் எப்படி இருப்பேன்? உள்ள கீறாருன்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, எழுதிக் குடுத்தா போதும்."

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு சொல் ஒலிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, குழாயடியிலும் இல்லை. எவருக்கும் குறும்பு செய்யத் தோன்றவில்லை. செய்தாலும் அதற்குள் சிரிப்பில்லை.

தொழிற்சங்கம் மன்றாடியதன்பேரில் தலைமை அலுவலகம் சக்கரபாணி என்னும் விசாரணை அதிகாரியை அனுப்பிற்று. அவர் நேர்மையானவர், குடையைக்கூட நேராகச் சாத்தி வைப்பவர். ரோசாரியோ அவர் முன் நின்று, அன்று காலை பில்லைச் சன்னலுக்கு மேலே அந்தச் சொல் ஒலித்ததைத் தன் காதால் கேட்டதாகவும், ஆகவே அங்கே ஒரு குறும்பு நடந்தது உறுதி என்றும், அந்தச் சன்னலில் நடக்கும் குறும்பு பில்லை மாற்றம் ஒன்றே என்றும் வாக்குமூலம் தந்தார்.

"காற்றில் கேட்டதா?" என்றார் சக்கரபாணி.

"காற்றில்தான், சார்."

"யார் குரல்?"

"டூலன் துரை குரல். அவர் இப்போது அயர்லாந்தில், கார்க் பக்கத்தில் கோழி வளர்க்கிறார்."

சக்கரபாணி பேனாவை மூடினார். அவர் சிரிக்கவில்லை. "நான் இந்த ஊரில் இருக்கும்வரை அது ஒரு முறை ஒலிக்கட்டும். என் காதால் கேட்டால் உங்கள் சாட்சியத்தை ஏற்பேன். கேட்காவிட்டால் ஏற்க இயலாது. இது எல்லாருக்கும் பொதுவான நியாயம் என்று நினைக்கிறேன்."

அதை நாங்களும் நியாயமென்றே கொண்டோம். அடுத்த சில நாள்கள் ஊர் முழுவதும் சக்கரபாணிக்குக் குறும்பு செய்வதில் முனைந்தது. அவர் காப்பியில் உப்பு விழுந்தது. அவர் குடைக்குள் அவரைக்காய் நிரம்பியிருந்தது. விசாரணை நடந்த சங்க மன்றத்தில் அவர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாயிற்று. முடிவெட்டுகிறவர் மாணிக்கவேலுவின் மீசையில் பாதியை எடுத்து அவர் முன் கொண்டுவந்து நிறுத்தினார். மாணிக்கவேலு அசையாமல் நின்று, கண்ணீர் அந்தப் பாதி மீசையில் இறங்க, காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று பேசவில்லை. சொல்லை ஏமாற்ற யாராலும் முடியவில்லை. சக்கரபாணி உப்புக் காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு எங்கள்மேல் இரக்கம் பிறந்துவிட்டதை அது காட்டிற்று. அந்த இரக்கத்தால் பயனில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அவர் மாலை ரயிலில் புறப்பட வேண்டிய நாளும் வந்தது. எஞ்சியிருந்தது ஒரு சடங்கு மட்டும்: இரண்டு மனைவியரின் வாக்குமூலம். சங்க மன்றத்தின் மேசைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். கதவருகில் ரோசாரியோ நின்றார். சன்னல்களுக்கு வெளியே லயன் முழுவதும் நின்றது. சக்கரபாணி எழுதிக்கொண்டே, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ரெஜினாமேரி?"

ரெஜினாமேரி வாயைத் திறந்தாள். அவள் வாழ்நாளில் குறும்பு செய்தவள் அல்லள். குழாயடியில் குடத்தை ஒரு விரற்கடைகூட நகர்த்தாதவள். ஆனால் குனிந்த அந்தத் தலையின் வகிட்டைப் பார்த்தபோது அவளுக்கு என்ன தோன்றிற்றோ, வாயை மூடிக்கொண்டு, முழங்கையால் லோகநாயகியின் இடுப்பில் ஓர் இடி இடித்தாள். யோசிப்பதற்கு முன்பே பேசிப் பழகிய லோகநாயகியின் வாய், "நான்தான் சார்" என்றது.

"லோகநாயகி?"

"நான் சார்" என்றாள் ரெஜினாமேரி.

லோகநாயகியின் நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. ரெஜினாமேரியின் கழுத்தில் சிலுவை தொங்கிற்று. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"ரெஜினாமேரி அம்மா, உங்கள் கணவர் குடிப்பாரா?"

"கல்யாண வூட்ல குடிப்பாரு, சாவு வூட்ல குடிப்பாரு சார்" என்றாள் லோகநாயகி. "ரெண்டும் இல்லாத நாள்ல ரெண்டையும் நெனச்சுக்கினு குடிப்பாரு."

"இல்ல சார், அவரு அப்படியில்ல" என்றாள் ரெஜினாமேரி.

"உங்கள் முறை வரும், லோகநாயகி அம்மா. வீட்டில் சண்டை உண்டா?"

"சண்டைன்னா கொறட்டைக்குத்தான். அது மனுஷக் கொறட்டை இல்ல சார், கூண்டு எறங்குற சத்தம். எனக்குப் பழகிப்போச்சு. செவுத்துக்கு அந்தாண்ட கீறாளே லோகநாயகி, அவளைச் சொல்லணும். எவ்ளோ பொறுமைசாலி."

"பொறுமையா, அவளா?" ரெஜினாமேரியால் பொறுக்க முடியவில்லை. "வெளக்கமாத்துக் கட்டையால செவுத்தை இடிப்பா சார்."

பேனா நின்றது. "யார் இடிப்பார்?"

ரெஜினாமேரி மேசையை நெருங்கினாள். "நான்தான் சார். நான்தான் இடிப்பேன்."

பேனா மீண்டும் ஓடிற்று. அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் சக்கரபாணி சற்றுத் தயங்கினார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மன்னிக்க வேண்டும், கேட்டே ஆக வேண்டும். ஓடிப்போனதாகச் சொல்லப்படுவதால் கேட்கிறேன். உங்கள் கணவருக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம் உண்டா?"

சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள். ரெஜினாமேரி தரையைப் பார்த்தாள்.

"ஒருத்தி உண்டு சார்" என்றாள் லோகநாயகி.

ரெஜினாமேரி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"பக்கத்து வூட்டுக்காரி. லோகநாயகின்னு பேரு. அவ கருவாட்டுக் கொழம்பு வெச்சா, வாசம் செவுரு தாண்டி வந்தா போதும், என் சோத்துத் தட்டை அப்படியே எடுத்துக்கினு அவ வூட்டுக்கு ஓடிப்போவாரு. அவரு ஓடிப்போன தூரம் அவ்ளோதான் சார்."

ரெஜினாமேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தட்டோடு ஓடும் அந்த மனிதன் அவள் கண்முன் நின்றிருக்க வேண்டும். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு உள்ளே இறுகிக் கிடந்தது எதுவோ தளர்ந்து, தோள்களில் ஏறி, அவளைக் குலுக்கிற்று. லோகநாயகி நேரே பார்த்தபடி கன்னங்களை உள்ளுக்கு இழுத்துக் கடித்துக்கொண்டாள். ஒருத்தியின் குலுக்கல் மற்றவளைத் தொற்ற, இருவருமாக மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அழாதீர்கள், லோகநாயகி அம்மா" என்றார் சக்கரபாணி ரெஜினாமேரியிடம், மிகுந்த பரிவோடு, எழுதிக்கொண்டே.

அவருடைய வகிட்டுக்குச் சற்று மேலே, யாருமில்லாத வெறும் காற்றில், தெளிவாக, அவசரமின்றி டூலன் துரையின் குரல் ஒலித்தது.

சக்கரபாணி தலையை நிமிர்த்தினார். முதலில் மேலே பார்த்தார். பிறகு, அன்று முதன்முறையாக, எதிரில் நின்ற இரண்டு முகங்களைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார்.

"உங்களில் ரெஜினாமேரி யார்?"

"நான் சார்" என்றாள் அவள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"நானும் இப்படித்தான், சார்" என்றார் கதவருகில் நின்ற ரோசாரியோ. "நானும் தலையை நிமிர்த்தவில்லை."

எழுதியதைச் சக்கரபாணி அடிக்கவில்லை. அதன் கீழேயே தொடர்ந்து எழுதி, வெளியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்: "பெயரைக் கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. கூறப்பட்ட சொல்லை என் காதால் கேட்டேன். சன்னலில் பில்லைகள் மாறின என்பதையும், அன்று இறங்கிய சூசைராஜ் திரும்ப ஏறவில்லை என்பதையும் ஏற்கிறேன்."

அவர் வாசித்து முடித்தபின்தான் ரெஜினாமேரி அழுதாள். சன்னலுக்கு வெளியே, வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்த பெண்கள், கூந்தலை அவிழ்த்து, தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, சூசைராஜுக்கான ஒப்பாரியைத் தொடங்கினார்கள். மாணிக்கவேலு அவர்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான். சக்கரபாணி மாலை ரயிலைத் தவறவிட்டார்.

பின்னர் உறுதியானவை இவை.

ரெஜினாமேரி அதே வீட்டில் இருந்தாள். குறட்டை நின்றுபோனதால், சுவரின் மறுபக்கத்தில் விளக்குமாற்றுக் கட்டையின் ஓசை அதன்பின் கேட்கவில்லை. அந்த நிசப்தம் தன்னால் தாங்க முடியாதது என்று லோகநாயகி பலமுறை சொன்னாள். பில்லை மாற்றியதற்காக மாணிக்கவேலு சில காலம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டான்; அதை எதிர்த்துச் சங்கம் பேச முன்வந்தபோது வேண்டாம் என்றான். டைம் ஆபீஸ் சன்னல் உயர்த்திக் கட்டப்பட்டது. உள்ளே இருப்பவர் நிமிர்ந்தாலன்றிப் பில்லையை நீட்ட இயலாது. அடக்கப் பூசை நடந்தது. உடல் கிடைக்காததால், வீட்டில் இருந்த சூசைராஜின் பழைய சாப்பாட்டுத் தூக்கைப் பெட்டிக்குப் பதிலாக வைத்துப் பங்குத்தந்தை மந்திரித்தார்.

சொல் மீண்டும் பள்ளிக்கூடத்திலும் குழாயடியிலும் ஒலிக்கத் தொடங்கிற்று. அதன் பிறப்பு உறுதியாகவில்லை. நரியிடமிருந்து வந்தது என்று சொல்பவர்களும், ஸ்பெயினிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அகராதிகள் தோற்றம் தெரியவில்லை என்றே எழுதுகின்றன. டூலன் துரை தம் ஊரில் இறந்ததாகச் செய்தி வந்தது. அதனால் இங்கே குரலில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

பல ஆண்டுகள் கழித்துச் சுரங்கம் மூடப்பட்டது. இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் நிலத்தடி நீர் மெல்ல ஏறி எல்லா வழிகளையும் நிரப்பிற்று. எங்கள் பிள்ளைகள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள்; பிறகு அங்கேயே தங்கினார்கள்; பிறகு எங்களையும் அழைத்துக்கொண்டார்கள். மாணிக்கவேலுவும் லோகநாயகியும் போனார்கள். ரோசாரியோ ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கடைசியில் ரெஜினாமேரியும் மகள் வீட்டுக்குப் போனாள். இப்போது அந்த லயனில் கூரையில்லை. குறும்பு செய்வதற்கு ஆளில்லாததால் சொல்லும் ஒலிப்பதில்லை.

நாங்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட்டோம். சூசைராஜ் போகவில்லை.